ரிவால்வர் வாங்கலாமா? வாளையாறு முதல் போடிமெட்டு வரை ஒரு கணக்கு

எடை அரை கிலோ, விலை 1,22,360 ரூபாய். 2014 ஜனவரியில் கான்பூர் ஃபீல்டு கன் ஃபேக்டரி ‘நிர்பீக்’ என்ற ரிவால்வரை வெளியிட்டபோது நாடு முழுக்கப் பேசப்பட்டவை இந்த இரண்டு எண்கள்தாம். டில்லியில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு, பெண்களின் தற்காப்புக்கென்று சொல்லி நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டிக்குள் வைத்து விற்றார்கள். அதன்பின் சந்தை இன்னும் விரிந்துவிட்டது. உத்தரப்பிரதேசத்தின் சண்டிலாவில், பிரிட்டனின் பழைய துப்பாக்கி நிறுவனமான வெப்ளி அண்ட் ஸ்காட் முத்திரையோடு .32 ரிவால்வர் தயாராகிறது. 2023 ஆகஸ்டில் கான்பூரின் அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் என்ற அரசு நிறுவனம் ‘பிரபல்’ என்ற ரிவால்வரைக் கொண்டுவந்தது. இவை லட்ச ரூபாயை ஒட்டியோ தாண்டியோ விலை போகும் சரக்குகள்.

இந்த விலையைக் கொடுத்து வாங்கலாமா என்ற யோசனை, துப்பாக்கி மோகம் இருக்கிறவர்களுக்கு மட்டும் வருவதில்லை. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்களில் அது பயத்திலிருந்து பிறக்கிறது. வண்டன்மேடு, கருணாபுரம், சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருப்பவருக்கு ஒரு பயம். முதலமடையில் மாந்தோப்புக் காவலிருப்பவருக்கும், எருத்தேன்பதியில் தென்னையும் கடலையும் போட்டவருக்கும் வேறொரு பயம். வட்டவடையில் பூண்டும் உருளைக்கிழங்கும் விளைவிப்பவருக்கு இன்னொன்று. ஒருவர் திருடனை நினைத்துத் தூங்காமல் இருக்கிறார். மற்றவர் பன்றியை நினைத்து. கைத்துப்பாக்கி என்ற ஒரே பொருள் இரண்டு பயத்துக்கும் மருந்து போலத் தோன்றுகிறது. விசாரித்துப் பார்த்தால் இரண்டுக்குமே அது சரியான மருந்தாக இல்லை என்பது என் முடிவு. எப்படி அந்த முடிவுக்கு வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பன்றிக் கணக்கு

பன்றியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் இங்கே துப்பாக்கிப் பேச்சே அதில்தான் ஆரம்பிக்கிறது.

2020 மே 27. மன்னார்க்காடு பக்கம் வெள்ளியாற்றுத் தண்ணீரில் நின்றபடியே ஒரு கருவுற்ற யானை செத்தது. பன்றிக்காக வைத்த வெடி அதன் வாயைச் சிதைத்திருந்தது. 2022 மே 19. பாலக்காடு முட்டிக்குளங்கரையில் ஆயுதப்படை முகாமுக்கு அருகே வயலில் இரண்டு போலீஸ்காரர்கள் பிணமாகக் கிடந்தார்கள். பன்றிக்கு இழுத்த மின்கம்பி. 2023 செப்டம்பரில் பாலக்காட்டை ஒட்டிய கரிங்கரப்புள்ளியில் இரண்டு இளைஞர்களின் உடல்கள் வயலில் புதைக்கப்பட்டிருந்தன. அதுவும் பன்றிக் கம்பிதான். வெடிக்கும் கம்பிக்கும் ஆகும் செலவு சில நூறு ரூபாய்; அதனால்தான் அவை ஓயவில்லை. இந்தச் சாவுகளை ஒருபக்கம் வைத்துக்கொண்டுதான், லைசென்ஸ் உள்ள துப்பாக்கியின் விலையை மறுபக்கம் எடைபோட வேண்டும்.

முட்டிக்குளங்கரைச் சம்பவம் நடந்த அதே மாதக் கடைசியில் கேரள அரசு ஒரு வழியைத் திறந்தது. ஊராட்சித் தலைவர்களைக் கௌரவ வனவிலங்கு வார்டன்களாக அறிவித்து, காட்டுக்கு வெளியே பயிரையும் உயிரையும் அழிக்கும் காட்டுப்பன்றியைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரத்தை அவர்களிடம் கொடுத்தது. விஷம், வெடி, மின்சாரம் மூன்றும் கூடாது. சுடுபவர் லைசென்ஸ் உள்ளவராகவும் ஊராட்சிப் பட்டியலில் இடம்பெற்றவராகவும் இருக்க வேண்டும். செத்த பன்றியைப் புதைத்துவிட வேண்டும், கறிக்கு எடுக்கக் கூடாது. 2024 மார்ச்சில் மனித–வனவிலங்கு மோதலையே மாநிலப் பேரிடராக அறிவித்தார்கள். 2025-இல் சுடுபவருக்குப் பன்றி ஒன்றுக்கு 1,500 ரூபாய் என்று தொகையும் உயர்ந்தது.

இதைக் கேட்டதும் பலருக்கு ஆசை பிறக்கிறது: ரிவால்வர் ஒன்று வாங்கிப் பட்டியலில் பெயர் சேர்த்தால் என்ன? வெறும் காசுக் கணக்காகவே பார்ப்போம். 1,22,360 ரூபாயை 1,500-ஆல் வகுத்தால் 82 பன்றி சுட வேண்டும். தோட்டாச் செலவு, ஜீப் வாடகை, கெட்டுப்போகும் தூக்கம் எல்லாம் இதில் சேரவில்லை. இருந்தாலும் இந்த வகுத்தலே வீண். காரணம், ரிவால்வரால் பன்றி சாயாது.

இந்தியாவில் பொதுமக்களுக்குக் கிடைக்கும் கைத்துப்பாக்கி பெரும்பாலும் .32 அல்லது .22. போலீசும் ராணுவமும் வைத்திருக்கும் 9 மி.மீ., .38, .45 எல்லாம் தடைசெய்யப்பட்ட வகைகள். .32 தோட்டா குழலை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் சுமார் 200 ஜூல். பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் துப்பாக்கியின் தோட்டா 2,000 ஜூலைத் தாண்டும். நூறு கிலோ வரை போகும் பன்றி, தோலும் கொழுப்பும் தடித்த தோள்பட்டை, நள்ளிரவு, பனி, டார்ச் வெளிச்சம். இதில் கைத்துப்பாக்கி யானைப்பசிக்குச் சோளப்பொரி. செத்து விழாமல் காயத்தோடு ஓடும் பன்றி, அடுத்த தோட்டத்தில் காய் பறிக்கக் குனிந்திருக்கும் பெண்ணின் மேல் பாயும். குறி தவறிய குண்டு எங்கே போய் நிற்கும் என்பதும் தெரியாது. ஊராட்சிப் பட்டியலில் இருப்பவர்கள் தோளில் ஒற்றைக்குழலையும் இரட்டைக்குழலையும் மாட்டிக்கொண்டு போவதற்குக் காரணம் அனுபவம்.

சட்டமும் இதையே வேறு வழியில் சொல்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ, குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உட்புறம் வழுவழுப்பான துப்பாக்கி கேட்பவருக்கும், பயிர் காக்க வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்பவருக்கும், மறுக்கத் தக்க காரணம் இல்லாவிட்டால் லைசென்ஸ் கொடுத்தாக வேண்டும். அந்தப் பழைய துப்பாக்கி பயிருக்குப் போதாது என்று அதிகாரிக்குப் பட்டால் மேம்பட்ட நீளக்குழலுக்கும் அனுமதி தரலாம். மற்ற எல்லா வகைக்கும், ரிவால்வரும் பிஸ்டலும் சேர்த்து, ‘தகுந்த காரணம்’ இருப்பதாக அதிகாரி திருப்தியடைய வேண்டும். விவசாயிக்கு நீளக்குழலில் இருக்கும் உரிமை கைத்துப்பாக்கியில் இல்லை. கலெக்டரேட்டில் மாதக்கணக்கில் அலைந்த பிறகு இதைத் தெரிந்துகொள்வதைவிட விண்ணப்பம் எழுதும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

யானையைப் பற்றி ஒரு வார்த்தை. சின்னக்கானலில் அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள்; ஒரு மாதத்துக்குள் அது கம்பம் தெருவில் நின்றது; ஜூனில் தமிழக வனத்துறை பிடித்து களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோனது. அந்த நாட்களில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தவர்கள் துப்பாக்கியை நினைத்திருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் யானையும் காட்டுமாடும் முதல் அட்டவணை விலங்குகள். கொன்றால் குறைந்தது மூன்று ஆண்டு சிறை. உயிருக்கு ஆபத்து வந்த கணத்தில் நல்லெண்ணத்தோடு செய்த தற்காப்பை வனவிலங்குச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு மன்னிக்கிறது. ஆனால் யானைக்கு எதிரே .32-ஐ நீட்டுவது தற்காப்பாகவே ஆகாது, அதன் கோபத்தைக் கிளறுவது மட்டும்தான்.

திருடன் கணக்கு

2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. விலை ஏறும்போதெல்லாம் செடியிலிருந்தே பச்சைக்காய் உருவுகிற கூட்டமும் கிளம்பும். காயை விற்றுப் பணத்தோடு போடியிலிருந்தோ புற்றடியிலிருந்தோ மலைச்சாலையில் திரும்புகிறவருக்கு இடுப்பில் ஏதாவது இருந்தால் தேவலை என்று தோன்றுவது இயல்பு. தோட்டத்து வீடுகளும் தள்ளித் தள்ளித்தான் இருக்கின்றன. கூப்பிட்டால் கேட்காத தூரம்.

இங்கேதான் வாங்குகிறவர் ஒரு சட்டக் கோட்டை மனத்தில் பதிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 41-ஆவது பிரிவு, பழைய சட்டத்தின் 103-ஆவது பிரிவையே தொடர்கிறது. சொத்தைக் காக்க உயிர் போகிற அளவுக்குத் தாக்கலாம் என்பது சில குற்றங்களுக்கு மட்டும்: கொள்ளை, இருட்டிய பின் வீடு உடைத்துப் புகுதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல், சாவோ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான பயத்தை உண்டாக்கும் திருட்டு. சாக்கில் பச்சைக்காயை நிரப்பிக்கொண்டு செடிகளுக்கிடையே ஓடுகிறவன் இந்தப் பட்டியலில் வரமாட்டான். அவன் முதுகில் சுட்டால் தோட்டக்காரர்தான் குற்றவாளி. லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய பொருளை, பயந்தபடியே நடக்கும் பெரும்பாலான திருட்டுகளில் எடுக்கவே கூடாது.

எடுக்க நியாயமுள்ள அந்த அரிய வேளையிலும் அது பயன்பட வேண்டுமானால் கை பழகியிருக்க வேண்டும். கைத்துப்பாக்கி எளிது என்று நினைப்பது பெரிய தவறு. குழல் குட்டை, தோளில் ஊன்ற முடியாது, நடுங்கும் கையின் சிறு அசைவும் பத்தடி தூரத்தில் பெரிய விலகலாகிவிடும். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அது பூட்டவும் திறக்கவும் ஏந்தவும் கற்றுத் தரும். குறியைத் தருவது வருடம் முழுக்கச் செய்யும் பழக்கம். அதற்கு ரைஃபிள் கிளப் வேண்டும், தோட்டா வேண்டும். ஏலச்செடி நடுவே மரத்தைக் குறிவைத்துப் பழகுவது பயிற்சியாகாது. பிறர் உயிருக்கு ஆபத்தாக அலட்சியமாகச் சுடுவதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் என்று 2019-இல் தனிப் பிரிவே சேர்த்துவிட்டார்கள்.

தோட்டா இல்லாத துப்பாக்கி

வாங்க நினைக்கிறவர்கள் துப்பாக்கியின் விலையையே பேசுகிறார்கள்; தோட்டாவைப் பேசுவதில்லை. அனுபவசாலிகள் அதை முதலில் கேட்பார்கள்.

.32 என்று ஒரே எண்ணில் சொன்னாலும் ரிவால்வருக்கு உரிய தோட்டா வேறு, பிஸ்டலுக்கு உரியது வேறு. முன்னது அடியில் விளிம்பு வைத்த நீளமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். பின்னது 7.65 மி.மீ. என்றும் அழைக்கப்படும் குட்டையான ஏ.சி.பி. ஒன்றுக்குரியதை மற்றொன்றில் போடக் கூடாது. இரண்டும் பெரும்பாலும் புனே அருகே கட்கியில், 1869-இல் தொடங்கிய அரசு வெடிமருந்து ஆலையிலிருந்து வருகின்றன, கே.எஃப். என்ற முத்திரையைப் பார்க்கலாம். 2021 அக்டோபர் 1 முதல் அந்த ஆலை மியூனிஷன்ஸ் இந்தியா என்ற நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. எத்தனை தோட்டா ஒரு நேரத்தில் வைத்திருக்கலாம், வருடத்துக்கு எத்தனை வாங்கலாம் என்பது லைசென்ஸிலேயே எழுதப்பட்டிருக்கும். பழகுவதற்கென்று தாராளமாகச் செலவழிக்க அதில் இடமில்லை. சரக்கு இல்லையென்றால் கடைக்காரர் கையை விரிப்பார். ஆக, உங்கள் துப்பாக்கியின் உண்மையான அளவு, அலமாரியில் எத்தனை தோட்டா இருக்கிறது என்பதுதான்.

வெளிநாட்டுப் பிஸ்டல் மேல் ஆசை வைப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். 1980-களின் நடுவிலிருந்து பொதுமக்களுக்காகத் துப்பாக்கி இறக்குமதி செய்வது நின்றுபோயிற்று. புகழ்பெற்ற துப்பாக்கி வீரர்களுக்கு மட்டும் விலக்கு. அதனால் தடைக்கு முன் வந்த வால்தர், வெப்ளி பிஸ்டல்கள் கை மாறும்போது பல லட்சம் கேட்கிறார்கள். வேலைப்பாடு அழகு, சந்தேகமில்லை. ஆனால் நாற்பது ஐம்பது வருடப் பழைய ஸ்பிரிங், கிடைக்காத உதிரிப்பாகம், முன்பு யார் எப்படி வைத்திருந்தார்கள் என்று தெரியாத குழல். சேகரிப்பவர் வாங்கட்டும். தோட்டக்காரர் வாங்கினால், கிடைத்தற்கரிய பொருளுக்கான விலையைக் கொடுக்கிறார், கிடைப்பது அதே .32-இன் பலம்.

வரியும் கூடிவிட்டது. ரிவால்வர், பிஸ்டலுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக உயர்ந்தது. ஆலை விலை ஒரு லட்சம் என்றால் வரி மட்டும் நாற்பதாயிரம்.

பிறகு இடுக்கி மழை. ஜூனில் பிடித்தால் மாதக்கணக்கில் சுவரே வியர்க்கும் ஊரில், எண்ணெய் போட்டுத் துடைக்காத குழலில் துரு ஏறும். பழைய காகித உறைத் தோட்டாக்கள் ஈரத்தில் ஊதி, குழலுக்குள் நுழையாமல் நின்ற அனுபவம் இரட்டைக்குழல்காரர்களுக்குத் தெரியும். பிளாஸ்டிக் உறை வந்தபின் அது குறைந்தது. வைத்திருப்பவர் மாதம் ஒருமுறையாவது கையிலெடுத்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். அதைச் செய்ய நேரமில்லாதவர் வாங்கவே வேண்டாம்.

எல்லை நடுவே ஒரு துப்பாக்கி

இந்த நிலப்பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. இதைத் துப்பாக்கிக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கம்பத்திலும் போடியிலும் வீடு, உடும்பஞ்சோலைத் தாலுகாவில் ஏலத்தோட்டம் என்பது இங்கே தலைமுறை வழக்கம். பாலக்காட்டுப் பக்கத்திலும் வாளையாறு, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் சோதனைச்சாவடிகளை வாரம் பலமுறை கடக்கும் தமிழர்கள் ஏராளம். லைசென்ஸ் எந்த எல்லை வரை செல்லும் என்பது அதன் மேல் எழுதப்பட்டிருக்கும். ஒரு மாநிலத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் லைசென்ஸோடு ஜீப்பின் டேஷ்போர்டில் ரிவால்வரை வைத்துக்கொண்டு கம்பம்மெட்டைக் கடந்தால், மேட்டுக்கு இந்தப்புறம் சட்டப்படி இருந்த பொருள் அந்தப்புறம் குற்றம். சரி, தோட்டத்திலேயே வைத்துவிட்டு வரலாமா? வாரத்தில் நாலு நாள் ஆளில்லாத தோட்டத்து வீட்டில் அதை எங்கே வைப்பது? திருடனுக்குப் பயந்து வாங்கியது திருடன் கையில் போய்ச் சேரும். காணாமல் போன துப்பாக்கிக்காக ஸ்டேஷன் படியேறுவது, காணாமல் போன ஏலக்காய்க்காக ஏறுவதைவிடக் கடினம். கேள்விகள் உங்களை நோக்கித்தான் வரும்.

பன்றி விஷயத்திலும் எல்லைக்கு இரண்டு பக்கமும் இரண்டு நியாயம். தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வகுத்த வழிமுறையில், காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைத் தொடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள் மட்டும். கேரளத்தில் பட்டியலில் உள்ள விவசாயி சுடலாம். ஒரே மலை, ஒரே பன்றி. தமிழ்நாட்டுப் பக்கத்து விவசாயி துப்பாக்கி வைத்திருந்தாலும் அதைப் பன்றியை நோக்கித் தூக்க வழியில்லை. எனக்கு இது சரியாகப் படவில்லை. பயிர் போனவனுக்குச் சட்டப்படி ஒரு வழியும் இல்லையென்றால் அவன் கம்பியைத்தான் தேடுவான் என்பதற்குப் பாலக்காட்டு வயல்கள் சாட்சி. கள்ளத் துப்பாக்கியின் கதையும் அதேதான்: 2022-இல் இடுக்கி பைசன்வேலிப் பக்கம் வேட்டைக்குப் போன கூட்டத்தில் ஒரு பழங்குடி இளைஞன் குண்டு பட்டு இறந்தான், கூடப் போனவர்களே அவனைப் புதைத்து மறைத்தார்கள்.

அதனால் துப்பாக்கியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊராட்சிகளுக்குச் சுடத் தெரிந்த, பொறுப்புள்ள ஆட்கள் தேவை. கேரளக் காவல்துறை லைசென்ஸ்காரர்களுக்குக் கட்டணப் பயிற்சித் திட்டத்தை 2022-லேயே அறிவித்தது. அந்தப் பயிற்சியை எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு போர் துப்பாக்கி ஒன்றை முறையாக வாங்கி, ஊராட்சிப் பட்டியலில் சேர்கிறவர் தன் தோட்டத்தையும் பக்கத்துத் தோட்டத்தையும் சேர்த்துக் காக்கிறார். புதிதே வேண்டும் என்றுமில்லை. 2019 டிசம்பரில் வந்த ஆயுதச் சட்டத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மூன்றாவதை ஒப்படைக்கவோ விற்கவோ ஒரு வருடம் கொடுத்தார்கள். நல்ல பழைய இரட்டைக்குழல்கள் அப்போது கைமாறின, இன்னமும் மாறுகின்றன. குழலையும் விசையையும் தெரிந்த துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டிவிட்டு வாங்கினால் போதும்.

ரிவால்வருக்கு ஒதுக்கிய ஒன்றேகால் லட்சம் மீதமிருக்கிறதல்லவா? அதில் தோட்டத்தைச் சுற்றிச் சூரிய மின்வேலி போடுங்கள். அது உதறித் தள்ளுமே தவிர உயிரை எடுக்காது. காய் உலர்த்தும் ஸ்டோருக்கு இரும்புக் கதவு, ராத்திரி வெளிச்சம், கேமரா, ஒரு காவலாளியின் சில மாதச் சம்பளம். பணத்தைக் கையில் சுமக்காமல் வங்கி வழியே வாங்குங்கள். திருடன் பயத்துக்கு இவையே நேரடியான மருந்து. உண்மையாகவே உயிர் மிரட்டல் இருக்கிறவர், அதற்குப் போலீஸ் புகாரும் ஆதாரமும் உள்ளவர், தொடர்ந்து பயிற்சி செய்ய மனமுள்ளவர் – இவருக்கு மட்டும் கைத்துப்பாக்கி அர்த்தமுள்ள செலவு. அப்படிப்பட்டவர்கள் இந்த மலையில் இருக்கிறார்கள், ஆனால் சிலர்தான்.

வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தவர்கள் தேர்தல் நாள்காட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நடத்தை விதி அமலானால் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வரும். ஆய்வுக் குழு விலக்குத் தராதவர்கள் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு ரசீதோடு திரும்ப வேண்டும். 2024 ஏப்ரல் 26-இல் மக்களவைத் தேர்தல், 2025 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் என்று கேரளத்தில் அடுத்தடுத்து வந்தன. பயிர் முற்றும் பருவத்தில் தேர்தல் வந்தால், விலக்குப் பெறாத பட்டியல்காரரின் வீட்டில் துப்பாக்கி இருக்காது, பன்றி மட்டும் வரும். விலக்குக் கேட்டு எழுதும்போது ஊராட்சி உத்தரவின் நகலை இணைக்க வேண்டும்.

லைசென்ஸ் ஐந்து வருடம் செல்லும். முடியும் முன்பே புதுப்பிக்க விண்ணப்பம் கொடுத்து அதற்கான ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். இன்னொன்றை வீட்டாரிடம் சொல்லி வைக்க வேண்டும். லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் அந்தத் துப்பாக்கியை மகன் பீரோவில் பூட்டி வைப்பது சட்டப்படி தவறு. தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயரில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம், கிடைக்காவிட்டால் விற்றுவிடலாம். வாங்கிய ரசீது, லைசென்ஸ் எண், துப்பாக்கியின் எண் மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதி, நிலப்பத்திரங்கள் இருக்கும் கவரிலேயே வைத்துவிடுங்கள்.